25% வரிக்கு 25% விலைக்குறைப்பு கேட்கும் அமெரிக்க வாடிக்கையாளர்: ஒரு உதிரிபாகத் தயாரிப்பாளரின் கேள்வி

கடிதத்தின் சுருக்கம்

கோவை வட்டாரத்தில் அண்ணனும் தம்பியுமாக நடத்தும் சிறு தொழிற்சாலை. வேலை செய்பவர்கள் 42 பேர். இரும்பு போர்ஜிங்கை வெளியே வாங்கி, விஎம்சி என்ற கணினி வழி கடைசல் இயந்திரத்தில் மெஷினிங் செய்து, புஷ் ஏற்றி, பயணிகள் காருக்கான சஸ்பென்ஷன் கண்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் உதிரி) தயாரிக்கிறார்கள். மாதம் 6,000 எண்ணம், ஒன்று 24 டாலர், எஃப்ஓபி தூத்துக்குடி (அங்கே கப்பலேற்றும்வரையிலான விலை). கூடவே அதைப் பொருத்தும் போல்ட், நட்டும் சிறிய அளவில் போகின்றன. லாபம் 11%. ஆறு வருடமாக ஒரே அமெரிக்க வாடிக்கையாளர்.

இப்போது அவர் மூன்று கோரிக்கைகள் வைக்கிறார். வரி 25% ஏறியதால் விலையை 25% குறைத்து 18 டாலருக்குத் தர வேண்டும். முடியாவிட்டால் டிடிபி முறைக்கு மாறி, வரியைத் தொழிற்சாலையே கட்ட வேண்டும். ஏற்கெனவே அனுப்பிய சரக்குக்கான வரியில் பங்காக 38,000 டாலருக்கு டெபிட் நோட் (தர வேண்டிய பணத்தில் கழித்துக்கொள்ளும் சீட்டு) போட்டிருக்கிறார். மறுத்தால் மெக்சிகோவில் வாங்கிக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறார்.

உள்ளூரில் வரும் யோசனைகள் வேறு: ஹெச்எஸ் கோடை (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) மாற்று, மெக்சிகோவில் இருக்கும் மைத்துனர் வழியாக அனுப்பு, இன்வாய்ஸில் விலையைக் குறைத்து மீதியை 'டை சார்ஜ்' (அச்சுக்கான கட்டணம்) என்று தனியாக வாங்கு. இபிசிஜி திட்டத்தில் (ஏற்றுமதி செய்வதாக உறுதி தந்து வரிச் சலுகையில் இயந்திரம் வாங்கும் திட்டம்) வாங்கிய இரண்டு இயந்திரங்களுக்கு ஏற்றுமதிக் கடமை பாக்கி இருக்கிறது. ஜாப் ஒர்க் செய்பவர்களுக்குப் பணத்தைத் தள்ளிப்போடலாமா என்றும் கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

கடிதத்தின் கடைசி வரியில் "18 டாலருக்கு ஒத்துக்கொண்டு ஆர்டரையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை அந்தச் சம்மதத்தை மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். தொலைபேசியிலும் சொல்ல வேண்டாம். நான் எழுதுவது 2025 நவம்பர் மாத நிலவரம். இந்த விகிதங்கள் மாதத்துக்கு மாதம் மாறுவதால், ஒவ்வொரு கப்பலுக்கும் முன்பு உங்கள் கஸ்டம்ஸ் புரோக்கரிடம் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், உங்கள் பொருளுக்கு எந்த வரி?

"இந்தியாவுக்கு 50% வரி" என்ற செய்தியைப் படித்துவிட்டு, அது உங்கள் தலையிலும் விழுந்ததாக நினைக்கிறீர்கள். அது வேறு வரி. 2025 ஆகஸ்ட் 7-ல் 25 சதவீதமாகவும் ஆகஸ்ட் 27-ல் ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி மேலும் 25 சதவீதமாகவும் போடப்பட்டது அமெரிக்காவின் அவசரகால அதிகாரச் சட்டத்தின் பேரில். பயணிகள் காருக்கும் இலகு டிரக்குக்குமான உதிரிபாகங்களின் மீதுள்ள வரி, 1962-ஆம் ஆண்டு வணிக விரிவாக்கச் சட்டத்தின் 232-ஆவது பிரிவின் கீழ் வந்தது. 2025 மார்ச் 26 பிரகடனம், மே 3 முதல் உதிரிபாகங்களுக்கு நடைமுறை, விகிதம் 25%. 232-இல் வரும் கார் உதிரிக்கு அந்த 50% சேராது. இரும்புக்கான தனி 232 வரியும் அதன்மேல் ஏறாது. ஆக உங்கள் கண்ட்ரோல் ஆர்முக்குப் பழைய அடிப்படை வரி 2.5%, புதியது 25%, மொத்தம் 27.5%.

ஆனால் போல்ட், நட்டு விஷயத்தில் கவனம் தேவை. "காருக்குப் போகிற போல்ட்தானே, அதுவும் 8708-தான் (வாகன உதிரிகளின் சுங்க எண்)" என்று எழுதியிருக்கிறீர்கள். பொதுப் பயன்பாட்டு உதிரிகளை வாகனப் பகுதிக்குள் கொண்டுவரக் கூடாது என்று சுங்க அட்டவணையின் 17-ஆவது பிரிவுக் குறிப்பே சொல்கிறது. போல்ட்டும் நட்டும் 7318 என்ற எண்ணில்தான் நிற்கும். அதற்கு இரும்பு 232 வரி, 2025 ஜூன் 4 முதல் 50%. இதுவரை ஒரே பதிவாக 'சஸ்பென்ஷன் பார்ட்ஸ்' என்று இன்வாய்ஸ் போட்டிருந்தால் வாடிக்கையாளரின் புரோக்கர் எதை எப்படி அறிவித்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இனி இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாக, எடையோடும் விலையோடும் காட்டுங்கள். போல்ட்டில் உங்களுக்குப் பெரிய லாபம் இல்லையென்றால், அதை அமெரிக்காவிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்வதுதான் இருவருக்கும் நல்லது.

ஒரே வரைபடத்தில் செய்த உதிரி எந்த வண்டிக்குப் போகிறது என்பதும் வரியை மாற்றும். நடுத்தர, கனரக டிரக்குகளின் உதிரிகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் தனி 232 வரி 25% வந்திருக்கிறது. இந்தப் பட்டியல்கள் எதிலும் வராத டிராக்டர் உதிரிதான் 2025 நவம்பரில் அந்த 50 சதவீதத்தில் மாட்டியிருந்தது. எனவே இன்வாய்ஸில் 'பயணிகள் காருக்கானது' என்று வண்டியின் மாடலோடு எழுதுவது உங்களுக்குப் பாதுகாப்பு.

25% வரி என்றால் 25% விலைக்குறைப்பு அல்ல

கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இந்தக் கணக்குதான். ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

வரிக்கு முன்பு அவருக்கு விழுந்த அடக்கம்: 24 டாலர், அதன்மேல் 2.5%. மொத்தம் 24.60. கப்பல் வாடகையை விட்டுவிடுவோம். அமெரிக்கச் சுங்க மதிப்பில் அது சேராது.

இன்றைய அடக்கம்: 24 டாலர், அதன்மேல் 27.5%. மொத்தம் 30.60. ஒரு ஆர்முக்கு 6 டாலர் கூடுதல்.

இந்த முழுச் சுமையையும் நீங்களே ஏற்று, அவர் பழைய 24.60-லேயே நிற்க வேண்டும் என்றால் உங்கள் விலை எவ்வளவு? 24.60-ஐ 1.275-ஆல் வகுத்தால் 19.29 டாலர். அதாவது 19.6% குறைப்பு. விலை குறையும்போது வரி கணக்கிடும் மதிப்பும் கூடவே குறைகிறது அல்லவா, அதனால்தான்.

அவர் கேட்கும் 18 டாலரில் என்ன ஆகிறது? 18-உம் 27.5 சதவீதமும் சேர்ந்தால் 22.95. இந்தப் புதிய வரி இல்லாத காலத்தில் 24.60-க்கு வாங்கியவர், அது வந்த பிறகு 1.65 டாலர் மலிவாக வாங்குவார். முழுச் சுமையையும் நீங்கள் ஏற்கும் 19.29 விலைக்கும் கீழே, ஒரு ஆர்முக்கு 1.29 டாலர், மாதத்துக்கு 7,700 டாலருக்கு மேல் காரணமே இல்லாமல் போகும். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்டார் என்று சொல்லவில்லை. கொள்முதல் பிரிவில் இருப்பவர் எல்லாச் சப்ளையர்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பியிருக்கக்கூடும். கணக்கை அட்டவணையாகப் போட்டு அனுப்புங்கள். இதற்கு எதிர்வாதம் கிடையாது.

சுமையைப் பகிர்வதாக இருந்தால், உங்கள் 11% லாபம் ஒரு ஆர்முக்கு 2.64 டாலர் என்பதை வைத்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி என்றால் விலை 21.65-க்கு இறங்கும். அவருக்கு 3 டாலர் கூடும், உங்களுக்கு 29 சென்ட்தான் மிஞ்சும். ஒரு டை உடைந்தால், ஒரு லாட் ரிஜெக்ட் ஆனால் நஷ்டம். மூன்றில் ஒரு பங்கு என்றால் விலை 22.43, அவருக்கு 4 டாலர் கூடும், உங்கள் கையில் 1.07 டாலர் நிற்கும். நீங்கள் எழுதிய எண்களை வைத்துப் பார்த்தால் இதுதான் கடைசி எல்லை. பேச்சைத் தொடங்கும்போது இதைவிடக் குறைந்த சலுகையில் தொடங்குங்கள்.

வரி யாருடையது?

எஃப்ஓபி ஒப்பந்தத்தில் சரக்கு கப்பலேறியதோடு உங்கள் பொறுப்பு முடிகிறது. அங்கே இறக்குமதியாளராகப் பதிவானவர் அவர், வரி கட்டக் கடமைப்பட்டவரும் அவரே. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. உங்களிடம் தனி ஒப்பந்தம் இல்லை, பர்ச்சேஸ் ஆர்டரும் மின்னஞ்சலும்தான் என்கிறீர்கள். அந்த ஆர்டரின் பின்பக்கத்திலோ, 'எங்கள் இணையதளத்தில் உள்ள நிபந்தனைகள் பொருந்தும்' என்ற ஒற்றை வரியிலோ 'எல்லா வரிகளும் தீர்வைகளும் விற்பவருடையவை' என்ற வாசகம் ஒளிந்திருப்பது இந்தத் தொழிலில் சகஜம். ஆறு வருட ஆர்டர்களையும் எடுத்து அந்த வாசகத்தைத் தேடுங்கள். இருந்தால், நீங்கள் அதை ஏற்றதாக எழுதினீர்களா, உங்கள் ஆர்டர் ஏற்புக் கடிதத்தில் எஃப்ஓபி என்று தனியாகக் குறித்தீர்களா என்று பாருங்கள். முரண்பாடு இருந்தால் பேச இடம் இருக்கிறது.

சர்வதேசச் சரக்கு விற்பனை உடன்படிக்கை உங்களைக் காக்கும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தியா அதில் சேரவே இல்லை. அதை நம்ப வேண்டாம். அதேபோல் 'ஃபோர்ஸ் மஜூர்' (தடுக்க முடியாத நிகழ்வு) என்று காட்டி அவர் ஆர்டரை ரத்து செய்ய முடியுமா என்ற பயமும் அளவுக்கு மீறியது. செலவு கூடியது மட்டுமே ஒப்பந்தத்திலிருந்து விடுபடக் காரணமாகாது என்பது அமெரிக்க வணிகச் சட்டத்திலும் பொதுவான நிலை. நம் உச்ச நீதிமன்றமும் 1960-லேயே அலோபி பர்ஷாத் வழக்கில் அதைச் சொல்லிவிட்டது. 2017-ல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் திரும்பவும் சொன்னது. ஆனால் இது உறுதி செய்யப்பட்ட ஆர்டருக்கு மட்டும். அடுத்த எட்டு வாரத்துக்கான 'ஃபர்ம் ரிலீஸ்' அவரைக் கட்டுப்படுத்தும். அதற்கு அப்பால் உள்ள 'ஃபோர்காஸ்ட்' பெரும்பாலும் கட்டுப்படுத்தாது. அந்த முன்மதிப்பீட்டை நம்பி போர்ஜிங் வாங்கிக் குவிக்காதீர்கள்.

38,000 டாலர் டெபிட் நோட்

இதற்கு இந்த வாரமே பதில் எழுதுங்கள். மௌனம் சம்மதமாகப் படிக்கப்படும். 'எஃப்ஓபி விலையில் விற்கப்பட்டு, கப்பலேறி, இறக்குமதியும் ஆகிவிட்ட சரக்குக்கு வரிப் பங்கு கேட்க ஒப்பந்தத்தில் இடமில்லை. இந்த டெபிட் நோட்டை ஏற்கவில்லை. முழுத் தொகையும் நிலுவை' என்று மூன்று வரி போதும். கிரெடிட் நோட்டில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இறக்குமதிக்குப் பிறகு தரும் தள்ளுபடியை அமெரிக்கச் சுங்கச் சட்டம் மதிப்பிலிருந்து கழிக்காது. நீங்கள் 38,000-ஐ விட்டுக்கொடுத்தாலும் அவர் கட்டிய வரி ஒரு சென்ட்கூடக் குறையாது. அதே சலுகையை வரப்போகும் சரக்கின் இன்வாய்ஸ் விலையிலேயே காட்டினால் வரியும் சேர்ந்து குறையும். இதை அவரிடம் சொல்லுங்கள். டெபிட் நோட்டைத் திரும்பப் பெறவைக்க நல்ல வாதம் இதுதான்.

நம் பக்கத்திலும் பாதிப்பு உண்டு. ஷிப்பிங் பில்லில் காட்டிய தொகை முழுதாக வராவிட்டால் வங்கியின் ஏற்றுமதிக் கணக்கில் அது திறந்தே நிற்கும். இன்வாய்ஸ் தொகையைக் குறைக்க வங்கியின் அனுமதி வேண்டும். வராத பணத்தின் அளவுக்கு டிராபேக், ரோடெப் என்று ஏற்றுமதிக்காக அரசு திருப்பித் தந்த வரிச் சலுகைகளையும் திருப்பிக் கட்ட நேரும். இசிஜிசி (ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம்) பாலிசி இருக்கிறது என்பதால் நிம்மதியாக இருக்காதீர்கள். வரி உயர்வால் வரும் நஷ்டத்தை அது ஈடுகட்டாது. வாடிக்கையாளர் தகராறு எழுப்பிய தொகைக்கும் அந்தத் தகராறு தீரும்வரை பணம் வராது. ஆனாலும் தாமதமான பில்களை உரிய காலத்தில் இசிஜிசிக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நாளை அவர் திவாலானால் அந்த அறிவிப்புதான் உங்களைக் காக்கும்.

38,000 டாலருக்காக அமெரிக்க நீதிமன்றம் போவது கட்டுப்படியாகாது என்பதே என் கருத்து. எதிர்கால விலைப் பேச்சில் இதை ஒரு பொருளாக வையுங்கள்.

டிடிபி: விலைக்குறைப்பைவிட ஆபத்தானது

'எப்படியும் நாம்தானே சுமக்கப் போகிறோம், டிடிபி-யில் விலை நம் கையில் இருக்கும்' என்கிறீர்கள். டிடிபி-யில் நீங்கள் அமெரிக்கச் சுங்கத்தின் முன் இறக்குமதியாளராக நிற்பீர்கள். அங்கே ஒரு முகவரை நியமிக்க வேண்டும், இறக்குமதியாளர் எண் வாங்க வேண்டும், சுங்கப் பத்திரம் போட வேண்டும். தொடர் பத்திரத்தின் அளவு வருடத்து வரியில் 10%, குறைந்தபட்சம் 50,000 டாலர். வெளிநாட்டுச் சிறு நிறுவனம் என்றால் உத்தரவாதம் தருபவர் வங்கி உத்தரவாதமும் கேட்கக்கூடும்.

பத்திரத்தைவிடப் பணப்புழக்கம்தான் உங்களை நெரிக்கும். 24 டாலர் மதிப்பில் மாத வரி 39,600 டாலர். சரக்கு விடுவிக்கப்பட்ட பத்து வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். வாடிக்கையாளர் தருவது 90 நாள் கழித்து. எப்போது பார்த்தாலும் மூன்று மாத வரி, ஏறத்தாழ 1,18,800 டாலர், உங்கள் கையிலிருந்து வெளியே நிற்கும். 42 பேருக்குச் சம்பளம் போடும் தொழிற்சாலைக்கு இது தாங்காது. சரக்கு கடலில் இருக்கும்போது விகிதம் ஏறினால் அதுவும் உங்களுடையது. கப்பலேறிய நாளின் விகிதம் பொதுவாகச் செல்லாது, அங்கே நுழைவு பதிவாகும் நாளின் விகிதமே செல்லும். ஐந்து வருடம் ஆவணங்களை வைத்திருக்கும் கடமையும், கோடு தவறினால் அபராதமும் சேர்ந்து வரும்.

வேறு வழியே இல்லாமல் டிடிபி-க்குப் போனால் இன்வாய்ஸில் வரித் தொகையைத் தனிப் பதிவாகக் காட்டுங்கள். தனியாகக் காட்டினால்தான் அதைச் சுங்க மதிப்பிலிருந்து கழிக்க முடியும். இல்லையென்றால் வரிக்கும் வரி கட்டுவீர்கள்.

உள்ளூர் யோசனைகள் மூன்றும்

கோடை மாற்றி 'இரும்புப் பொருள்' என்று 7326-ல் அனுப்பச் சொன்னவர், நீங்கள் 25-லிருந்து தப்பிப்பதாக நினைத்திருக்கிறார். 7326-ன் கீழ் வரும் இரும்புப் பொருட்கள் இரும்பு வரிப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே 50%. பொய்யான கோடு சட்ட மீறல் என்பது ஒருபுறம் இருக்க, அது நஷ்டமும்கூட. கோடில் உண்மையான சந்தேகம் இருந்தால் அமெரிக்கச் சுங்கத்திடமே கட்டுப்படுத்தும் தீர்ப்பு கேட்கலாம். வரைபடம், பொருளின் விவரம், எந்த வண்டிக்கு என்பது போதும். கட்டணம் இல்லை. பெரும்பாலும் 30 நாளில் பதில் வரும். ஏற்றுமதி செய்பவரும் கேட்கலாம்.

மைத்துனர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் போர்ஜிங்கும் மெஷினிங்கும் இங்கே முடிந்த ஆர்முக்கு அங்கே புஷ் ஏற்றிப் பெட்டி கட்டினால் அது மெக்சிகோ பொருள் ஆகிவிடாது. பிறப்பிடம் மாற, பொருளின் தன்மையே மாறும் அளவுக்கு வேலை நடக்க வேண்டும். வரிவிலக்குக்கு அமெரிக்கா, மெக்சிகோ, கனடா சேர்ந்த வட்டார ஒப்பந்தத்தின் மதிப்புக் கணக்கும் நிறைவேற வேண்டும்.

இன்வாய்ஸைக் குறைத்து மீதியை டை சார்ஜாக வாங்குவது மூன்றிலும் மோசமானது. உதிரியைச் செய்யப் பயன்படும் டையின் விலையை வாடிக்கையாளர் கொடுத்தால் அதுவும் சுங்க மதிப்பில் சேர வேண்டியது. மறைத்தால் அது மோசடி. மோசடிக்கான அபராதம் சரக்கின் உள்நாட்டு மதிப்பு முழுவதும்வரை போகும். மிகுந்த அலட்சியத்துக்கு இழந்த வரியின் நான்கு மடங்குவரை, சாதாரண அலட்சியத்துக்கு இரண்டு மடங்குவரை. இங்கே அந்நியச் செலாவணிச் சட்டமும் காத்திருக்கிறது. தயவுசெய்து இந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆறு வருடத்துக்கு முன்பு அவர் டைக்குப் பணம் தந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை அவர் அங்கே அறிவித்தாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் பேரம்

மெக்சிகோ மிரட்டல் வெறும் வார்த்தை அல்ல. வட்டார ஒப்பந்த விதிகளை நிறைவேற்றும் மெக்சிகோ உதிரிக்கு இப்போது இந்த 25% இல்லை. ஜப்பானுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் அடிப்படை வரியையும் சேர்த்து 15%. சீனாவின் நிலை உங்களைவிடக் கடினம்: 2.5%, இந்த 25%, 2019 முதல் சீனப் பொருட்களுக்கென நிற்கும் 301-ஆவது பிரிவு வரி 25% என்று குறைந்தது 52.5%. ஆக உங்களைவிட்டு அவர் போகக்கூடிய இடம் முக்கியமாக மெக்சிகோதான். அங்கே புது டை செய்து, மாதிரி உதிரி தயாரித்து, சோதித்து, வாகன நிறுவனத்தின் ஒப்புதலும் வாங்க வேண்டும். சஸ்பென்ஷன் போன்ற பாதுகாப்பு உதிரிக்கு அது சில வாரங்களில் முடிகிற வேலை அல்ல. அந்த இடைவெளிதான் உங்கள் பலம். அது நிரந்தரமல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு கேள்வியையும் அவரிடம் கேளுங்கள்: 'இந்த ஆர்ம் அமெரிக்காவில் பூட்டப்படும் காருக்குப் போகிறதா, சில்லறைச் சந்தைக்கா?' அங்கே பூட்டப்படும் வாகனங்களின் மொத்தச் சில்லறை விலையில் 3.75% அளவுக்கு உதிரிபாக வரியை ஈடுசெய்துகொள்ள வாகன நிறுவனங்களுக்கு அனுமதி இருக்கிறது. 2025 அக்டோபரில் அது 2030 வரை நீட்டிக்கப்பட்டது. எந்த இறக்குமதியாளர் அதைப் பயன்படுத்தலாம் என்று வாகன நிறுவனம்தான் பெயர் கொடுக்கும். உங்கள் வாடிக்கையாளர் அந்தப் பட்டியலில் இருந்தால், தான் முழுதாகக் கட்டாத வரிக்கு உங்களிடம் பங்கு கேட்கிறார் என்று பொருள். சில்லறைச் சந்தைக்குப் போகிற சரக்குக்கு இந்த ஈடு கிடையாது.

சலுகை தருவதாக முடிவெடுத்தால் எழுத்தில் இவை இருக்கட்டும்:

– அடிப்படை விலை 24 டாலர் மாறாது. சலுகை 'தற்காலிக வரிப் பகிர்வு' என்ற தனிப் பெயரில், ஒவ்வொரு இன்வாய்ஸிலும் அனுப்பும்போதே கழிக்கப்படும்.

– ஆறு மாதக் கெடு. புதுப்பிக்காவிட்டால் தானாக முடியும்.

– பகிர்வு உண்மையில் கட்டிய வரிக்கு மட்டும். சான்றாக 7501 படிவ (அமெரிக்கச் சுங்கத்தில் அவர் தரும் இறக்குமதிச் சுருக்கம்) நகலை, வேறு சப்ளையர் விவரங்களை மறைத்துவிட்டு, மாதாமாதம் அனுப்ப வேண்டும்.

– விகிதம் குறைந்தால் சலுகையும் அதே அளவில் குறையும். அரசு வரியைத் திருப்பித் தந்தால் உங்கள் பங்கு 30 நாளில் உங்களுக்கு வர வேண்டும். இந்த நிபந்தனையை எழுதாமல் விட்டால் பணம் அவரிடமே தங்கிவிடும்.

– மாதம் 6,000 என்ற அளவு அந்தக் காலத்துக்கு உறுதி.

கடைசி நிபந்தனைக்கு அவர் மறுத்தால் விலைக்குறைப்பையும் மறுக்கலாம். அளவுக்கு உறுதி தராமல் விலையை மட்டும் கேட்பவர், மெக்சிகோ டை தயாராகும்வரை உங்களிடம் மலிவாக வாங்கிக்கொள்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

இபிசிஜி-யும் ஜாப் ஒர்க் பணமும்

அமெரிக்க ஆர்டர் குறைந்தால் இயந்திரங்களுக்கான சலுகை வரி முழுவதும் உடனே கட்ட வேண்டும் என்று பயப்படுகிறீர்கள். அப்படி இல்லை. கடமை, சேமித்த வரியின் ஆறு மடங்கு ஏற்றுமதி, ஆறு வருடத்தில். முதல் நான்கு வருடத்தில் பாதி. எந்த நாட்டுக்கு என்று கட்டுப்பாடு இல்லை. இதோடு முந்தைய மூன்று வருடச் சராசரியையும் வருடாவருடம் காக்க வேண்டும். ஒரு துறையின் மொத்த ஏற்றுமதியே 5 சதவீதத்துக்கு மேல் சரிந்தால் அந்தச் சராசரியைக் குறைத்து நிர்ணயிக்க வெளிநாட்டு வணிக இயக்ககத்தின் விதிகளில் இடம் உண்டு. உங்கள் உரிமத்தின் தேதியை எடுத்து, நான்காவது வருடம் எப்போது முடிகிறது என்று இன்றே குறித்துக்கொள்ளுங்கள். குறைவு வரும் என்று தெரிந்தால் கெடு முடியும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். முடிந்த பிறகு வட்டியோடு பேச வேண்டியிருக்கும். பிரிட்டனோடு 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான வணிக ஒப்பந்தம் 2025 நவம்பர் வரை நடைமுறைக்கு வரவில்லை. என்றாலும் அங்குள்ள வாங்குபவர்களுக்கு மாதிரி அனுப்ப இது நல்ல நேரம். ஒப்புதலுக்கு எப்படியும் மாதங்கள் பிடிக்கும்.

ஜாப் ஒர்க் செய்பவர்களின் பணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டப்படியும், கெடு தவறினால் பணம் கொடுக்கும் வருடத்தில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும். நெருக்கடியில் அடுத்த தெருவில் கிரைண்டிங் செய்பவர் தரும் கடன் மலிவாகத் தெரியும். கணக்குப் போட்டால் வங்கிக் கடனைவிட விலை கூடியது. வங்கியில் ஏற்றுமதிக் கடன் வரம்பைத் தற்காலிகமாக உயர்த்தக் கேளுங்கள். மேலே போட்ட அடக்க அட்டவணையையும் ஃபர்ம் ரிலீஸ் நகலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டு: டெபிட் நோட்டுக்கு மறுப்புக் கடிதம், வாடிக்கையாளருக்கு அந்த அடக்க அட்டவணை. பழைய ஆர்டர்களில் வரி பற்றிய வாசகம் கிடைத்தால் அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகே மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கலாமா, அதற்கு முன்பே நிற்கலாமா என்று சொல்ல முடியும்.